கீழாநெல்லியும் காசநோய் மாத்திரையும்



"காசநோய் மாத்திரையால் சிலருக்கு மஞ்சள் காமாலை வருகிறதே, வயல் வரப்பிலேயே கீழாநெல்லி இருக்க, மருத்துவமனையில் அதை ஏன் கொடுப்பதில்லை?" என்று இவ்வூழியத்தைத் தாங்கும் அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இம்மடலில் அதை விளக்க விரும்புகிறேன்.

காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் பல மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடவேண்டும். அவற்றுள் ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைரசினமைட் ஆகிய மூன்றும் சிலருடைய கல்லீரலைப் பாதிக்கக்கூடும். முதியோர், மது அருந்துவோர், போதிய ஆகாரமின்றி மெலிந்தோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். அப்படி நேர்ந்தால் மருத்துவர் அம்மருந்துகளை நிறுத்தி, கல்லீரல் தேறியதை இரத்தப் பரிசோதனையில் கண்ட பிறகு, ஒவ்வொன்றாக மறுபடியும் தொடங்குவார்.

மருந்தை நிறுத்தினாலே பெரும்பாலோருக்குக் கல்லீரல் தேறிவிடுகிறது. தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றலைச் சிருஷ்டிகர் அதற்குக் கொடுத்திருக்கிறார். அந்த நாட்களில் கீழாநெல்லியை அரைத்து மோரில் குடித்தவர், அதனால்தான் சுகமானேன் என்பார். குடிக்காதவரும் சுகமாகியிருப்பார். அப்படியானால் சுகம் தந்தது எது?

இதை அறியும் வழியைத் தானியேலின் புஸ்தகத்தில் காணலாம். பாபிலோனில் தானியேலும் நண்பர்களும் பத்து நாள் மரக்கறியும் தண்ணீரும் மாத்திரம் சாப்பிட்டார்கள். பின்பு அவர்களுடைய முகங்களை, ராஜபோஜனம் சாப்பிட்ட வாலிபரின் முகங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒப்பிட மற்றொரு கூட்டம் இருந்ததால்தான் உண்மை விளங்கிற்று.

ஆய்வுக்கூடத்திலும் இப்படியே செய்கிறார்கள். உரிய குழுவின் அனுமதியோடு எலிகளைக் கூட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்கு ஆகாரம் மட்டும். அடுத்ததற்குக் கல்லீரலைக் கெடுக்கும் அளவு மருந்து. மூன்றாவதற்கு அதே மருந்தோடு மூலிகைச் சாறு. கல்லீரல் செல்கள் சிதைந்தால் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்னும் நொதிகள் இரத்தத்தில் கசியும். அவற்றை அளப்பதுடன், கல்லீரலின் மெல்லிய துண்டை நுண்ணோக்கியிலும் பார்ப்பார்கள். கீழாநெல்லி உட்படப் பல மூலிகைகள் எலிகளில் நல்ல பலன் காட்டியுள்ளன.

ஆனால் எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கவேண்டும் என்பதில்லை. மனிதரில் செய்த ஒரே சோதனையும் போதாது. 1988ல் சென்னை ஆய்வாளர்கள், ஹெப்படைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்த முடிவுகளை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. எங்கும் மகிழ்ச்சி! ஆனால் பின்பு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அப்பலன் கிடைக்கவில்லை. இது கிருமியால் வரும் நோயைப் பற்றியது. ஆயினும் மருந்தால் வரும் காமாலைக்கும் பாடம் ஒன்றே.

காசநோயில் இன்னொரு கேள்வியும் உண்டு. மூலிகை, மாத்திரையின் வல்லமையைக் குறைத்துவிடாதா என்று பார்க்கவேண்டும். கல்லீரலோடு கிருமியையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டால் என்ன பயன்?

ஆகையால் உங்கள் சபையில் காசநோய் மாத்திரை சாப்பிடுவோருக்கு அன்பாய்ச் சொல்லுங்கள். பசியின்மை, வாந்தி, அடர்ந்த பழுப்பு நிறச் சிறுநீர், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போகட்டும். வீட்டில் எந்தச் சாறு குடித்தாலும் மறைக்காமல் சொல்லட்டும். தாங்களாகவே மாத்திரையைக் கைவிட்டு மூலிகையை நம்பியிருந்தால், நோய் திரும்பும். மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகக்கூடும். அது வீட்டிலுள்ள பிள்ளைகளையும் பற்றும்.

மூலிகைகளும் தேவனுடைய படைப்பே. அவற்றை நாம் அற்பமாக எண்ணவில்லை. சோதித்து அறியப்படும் நாள்வரை காத்திருக்கிறோம். அதுவரை ஏழை நோயாளியின் கல்லீரலைக் காப்பவை, காலத்தில் செய்யும் இரத்தப் பரிசோதனையும் சத்தான ஆகாரமுமே. உங்கள் காணிக்கைகள் இவற்றிற்கு உதவுகின்றன. பொறுமையோடு ஆராய்கிறவர்களையும், பொறுமையோடு ஆறு மாதம் மாத்திரை விழுங்குகிறவர்களையும் ஜெபத்தில் தாங்குங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்