அரிவாள் அணுச் சோகையும் உட்செவியும்

1952ஆம் ஆண்டில் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தைச் சோதித்த லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர்கள் அதில் அரிவாள் அணுக் கூறு இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டனர். 1910இல் சிகாகோ நகரில் ஹெரிக் என்னும் மருத்துவர், கிரெனடாத் தீவிலிருந்து வந்த மாணவர் ஒருவரிடம் கண்டு விவரித்த அதே கோளாறு இது. கூடலூர், பந்தலூர், வயநாட்டுப் பகுதிகளில் பணிபுரிவோர்க்கு இந்நோயின் மூட்டு வலியும் வெளிறிய முகமும் பழகியவை. இது காதையும் தாக்கும் என்பதைப் பலர் அறியார்.

ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வாலின் அமைந்துவிடுவதே நோயின் மூலம். பிராணவாயு குறையுங்கால் இந்த ஹீமோகுளோபின் இழை இழையாகத் திரண்டு, வட்டமான செவ்வணுவை அரிவாள் போல் வளைத்துவிடுகின்றது. சுமார் 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாட்களில் மடிகின்றது. மடியுமுன் நுண்ணிய நாளங்களில் சிக்கி இரத்த ஓட்டத்தையும் தடுக்கின்றது.

உட்செவியிலே நத்தை ஓட்டைப் போல ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்ட குழல் ஒன்று உண்டு. அதிலுள்ள மயிரணுக்கள் ஒலியதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகின்றன. அவை இயங்குதற்கு வேண்டிய மின்னழுத்தத்தைக் காப்பது, குழலின் பக்கச் சுவரில் நாளங்கள் செறிந்த ஒரு பட்டையாகும். அதற்கு இடையறாது பிராணவாயு வேண்டும். ஆயினும் உட்செவிக்கு இரத்தம் கொணர்வது ஒரே ஒரு மெல்லிய தமனிதான். ஒற்றை மடையுள்ள வயலில் அம்மடை அடைபட்டால் பயிரின் கதி என்னவாகுமோ அதுவே இங்கும் நிகழ்கின்றது. உடலின் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல்களும் இதே தமனியை நம்பியிருத்தலால், சிலருக்குத் தலைசுற்றலும் தள்ளாட்டமும் தோன்றுகின்றன.

கேள்விக் குறைவு திடீரென ஒரு காதில் நேரலாம். சிறுகச் சிறுகவும் வரலாம். இந்நோயாளரை எளிதில் பற்றும் மூளையுறைக் காய்ச்சலும், மிகுந்த இரும்பை வெளியேற்றத் தரப்படும் சில மருந்துகளும் கூடக் காதைக் கெடுக்கக் கூடும். பெற்றோர் ஒருவரிடமிருந்து மட்டும் கூறு பெற்றவர்கள் பெரும்பாலும் நலமாகவே வாழ்கின்றனர்.

ஒரு காது மந்தமான பிள்ளை தானாகச் சொல்வதில்லை. எப்போதும் ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பும், சொல்வதெழுதுதலில் தவறும். கவனமில்லையென்று பிரம்பைத் தேடுமுன், ஆசிரியர் அதன் பின்னே ஒரு கை நீளத்தில் நின்று, ஒரு காதைப் பொத்தச் செய்து, மறு காதுக்குக் கேட்குமாறு மெல்லிய குரலில் எண்களைக் கூறித் திருப்பிச் சொல்லச் செய்யலாம். தவறினால் செவிமானிச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். திடீரெனக் கேளாமற் போனால் எண்ணெய் காய்ச்சி ஊற்றிக் காத்திருத்தல் தகாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

2023 ஜூலை 1இல் மத்தியப் பிரதேசத்து ஷாடோலில் தொடங்கப்பெற்ற தேசிய இயக்கம், 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பதை இலக்காகக் கொண்டது. அதில் தரப்படும் அட்டை இரத்தத்தின் நிலையைத்தான் கூறும். ஆதலின் நோயுள்ள பிள்ளையின் வீட்டிற்குச் செல்லும் ஊழியர், காது கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்வது நலம்.