ஆமைக்காக விழித்திருக்கும் இரவுகள்

எங்கள் பழவேற்காட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் மணல்திட்டில், தை பிறந்ததும் பங்குனி ஆமை என்னும் கடலாமைகள் கரையேறத் தொடங்கும். பின்னங்கால்களால் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல்கூட இட்டு, மணலை மூடிவிட்டுத் தாய் கடலுக்குத் திரும்பிவிடும். அதன்பின் நாய், நரி, மனிதர் எல்லோரிடமிருந்தும் முட்டைகளைக் காப்பாற்ற ஆள் வேண்டும்.

சென்னைக் கரையில் இந்த வேலை 1970-களில் தொடங்கியது. சென்னைப் பாம்புப் பண்ணையின் ரோமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் போன்றவர்கள் ஆர்வத்தால் முட்டைகளைத் தேடி இரவில் கரையோரம் நடந்தார்கள். 1988-இல் மாணவர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். ஆர்வம்தான் முதல், மற்றதெல்லாம் பிறகு.

வனத்துறை அனுமதி இல்லாமல் முட்டையைத் தொடவே கூடாது. அனுமதியோடு பொரிப்பகத்துக்கு மாற்றுவதானாலும், இட்ட சில மணி நேரத்துக்குள், புரட்டாமல் எடுக்க வேண்டும். நேரம் கடந்தால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், புரண்டால் செத்துப்போகும். புதுக்குழியும் பானை போல, கழுத்து குறுகி, அடி அகன்று இருக்கவேண்டும். பொரிய 45 முதல் 60 நாள். மணல் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்!

குஞ்சைக் கையில் கொண்டுபோய்த் தண்ணீரில் விடாதீர்கள். அது தானே மணலில் ஊர்ந்து போகட்டும். வெளிச்சம் தெரியும் பக்கம்தான் அது போகும். ஆகவே கரையோர வீட்டுக்காரர்களே, பங்குனி, சித்திரை இரவுகளில் கடலைப் பார்த்த விளக்குகளை அணைத்துவையுங்கள்.