ஒரே பாஸ்போர்ட், இரு வரிசைகள்

ஒரு நாட்டின் பாஸ்போர்ட்டை உடையவர் அந்நாட்டு விமான நிலையத்தில் தடையின்றி நுழையலாம் என்பது பொதுவான எண்ணம். கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் பலருக்கு 1968இல் இது பொய்த்துப்போயிற்று.

உகாண்டா ரயில்பாதை அமைப்பதற்காக 1896 முதல் 1901 வரை சுமார் 32,000 ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தாயகம் திரும்பிவிட்டனர். அங்கு வேரூன்றியோரில் மிகுதியானவர், தாமாகவே சென்ற வணிகர்கள், எழுத்தர்கள் ஆகியோரும் அவர்தம் வழியினருமே.

1963 டிசம்பரில் கென்யா விடுதலை பெற்றபோது, குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டது. பலர் பிரிட்டிஷ் குடியுரிமையையே வைத்துக்கொண்டனர். காமன்வெல்த் நாட்டினரின் வருகையைக் கட்டுப்படுத்திய 1962ஆம் ஆண்டுச் சட்டம், நைரோபியிலிருந்த பிரிட்டிஷ் ஹைகமிஷன் வழங்கிய பாஸ்போர்ட்டுகளுக்குப் பொருந்தவில்லை. எனவே, குடிமக்கள் அல்லாதார் வேலை அனுமதி பெறவேண்டும் எனக் கென்யா 1967இல் சட்டமியற்றியதும், இவர்கள் லண்டனுக்கு விமானம் ஏறலாயினர்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மூன்றே நாட்களில் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. 1968 மார்ச் 1இல் அது சட்டமாயிற்று. தாமோ, பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ பிரிட்டனில் பிறந்திருத்தல் போன்ற தொடர்பு உடையவர்க்கே தடையற்ற நுழைவு எஞ்சியது. வெள்ளையரான குடியேறிகளுக்கு இத்தொடர்பு எளிதில் வாய்த்தது. இந்தியருக்கு வாய்ப்பது அரிது. ஆகவே, ஹீத்ரூ விமான நிலையத்தில் பாட்டனார் பிறந்த ஊரே பாஸ்போர்ட்டைவிட வலுவான ஆவணமாயிற்று. ஏனையோருக்கு ஆண்டுதோறும் 1,500 வவுச்சர்கள் ஒதுக்கப்பட்டன. அவையும் குடும்பத் தலைவர்களுக்கே உரியவை. மணமான பெண் பொதுவாகத் தலைவியாகக் கருதப்படவில்லை.

வவுச்சரின்றி வந்திறங்கியோர் திருப்பி அனுப்பப்பட்டனர். புறப்பட்ட நாடும் ஏற்க மறுக்கவே, சிலர் விமான நிலையம் விட்டு விமான நிலையமாக அலைக்கழிக்கப்பட்டனர். பத்திரிகைகள் இவர்களை இறகுப்பந்துக்கு ஒப்பிட்டன. இவ்விஷயத்தில் இந்தியாவும் கதவை அகலத் திறந்துவிடவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இவர்கள் பிரிட்டனின் பொறுப்பு என்பதே நம் நிலை. அது சட்டப்படி சரியே. ஆயினும் பெட்டியுடன் நின்றவருக்கு அதனால் ஆறுதல் கிட்டியிராது. இந்தியாவிற்கு வந்து, பிரிட்டிஷ் வவுச்சருக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்களும் உண்டு.

பாதிக்கப்பட்ட 31 பேரின் முறையீடுகளை ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் 1970இல் விசாரணைக்கு ஏற்றது. இனத்தின் அடிப்படையில் ஒருவரைத் தம் நாட்டிற்குள் விடாதிருப்பது இழிவுபடுத்தும் செயலாகலாம் என்று அதன் 1973ஆம் ஆண்டு அறிக்கை கண்டது. இடையில், 1972இல் உகாண்டாவிலிருந்து வெளியேற்றப்பட்டோரில் 27,000க்கும் மேற்பட்டோரை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. எனினும் 1968இன் பாகுபாடு நீங்கவில்லை. 1981ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகையோரைக் குடியிருப்புரிமையற்ற 'கடல்கடந்த பிரிட்டிஷ் குடிமக்கள்' என வகைப்படுத்தியது. வேறு குடியுரிமை இல்லாதோர் முழுக் குடிமக்களாகப் பதிவு செய்துகொள்ள 2002ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்தது. அதற்குள், 1968இல் வாயிலில் நிறுத்தப்பட்ட இளைஞர்கள் முதுமையை எட்டியிருந்தனர்.