பறையடித்தவன் பெயர் எங்கே?

களபத்துக் குரல் கடல் கடந்து கேட்கிறது! புதுக்கோட்டை மாவட்டத்துக் களபம் சிற்றூரில் பிறந்த செந்தில் கணேஷ், 2018-ல் விஜய் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கர் போட்டியிலே கிராமியப் பாட்டைப் பாடியே முதற்பரிசு பெற்றார். அவரும் துணைவியார் ராஜலட்சுமியும் பாடிய 'சின்ன மச்சான்', 2019-ல் 'சார்லி சாப்ளின் 2' படத்தில் இடம்பெற்று, கைப்பேசி கைப்பேசியாக ஓடிற்று. காட்டுப்பாட்டு என்று முகம் சுளித்த கனவான்கள் வீட்டுக் கல்யாணத்திலும் இன்று அதுதான் முழங்குகிறது. மகிழ்கிறோம்!

புதுக்கோட்டைக்கு இது புதிதல்ல. அரண்மனையில் விளக்குப் பிடித்த மான்பூண்டியா பிள்ளைதானே கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றினார்? அன்றைய மேடை சமஸ்தானம். இன்றைய மேடை யூடியூப். தென்கொரியாவின் 'கங்னம் ஸ்டைல்' 2012-ல் அங்கே நூறு கோடிப் பார்வையைத் தொட்டது. நம் 'ரவுடி பேபி' 2020-ல் தொட்டது.

பார்த்தவன் கண் நிறைந்தது. பாடுபட்டவன் வயிறு நிறைந்ததா?

2021-ல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யைப் பாருங்கள். நிலமற்ற உழவரின், தேயிலைத் தோட்டத் தமிழரின் துயரை உலகுக்குச் சொன்ன பாட்டு. அதே ஆண்டு ஓர் இசை இதழ் அட்டைப்படம் போட்டது; எழுதிப் பாடிய அறிவு அதில் இல்லை! கண்டனம் கிளம்பிற்று. இசையமைத்த சந்தோஷ் நாராயணனோ, அப்பாட்டால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2024-ல் வெளிப்படையாகவே சொன்னார். நாடறிந்தவர்களுக்கே இந்தக் கதி. பின்னால் நின்று பறையடித்த தோழனுக்கு?

சட்டம் இல்லாமல் இல்லை. 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், பாடகருக்கும் வாத்தியக்காரருக்கும் வணிகப் பயனில் உரிமைத்தொகை உண்டு என்கிறது. கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட அந்தச் சட்டத்தின் கண்ணில் கலைஞர்களே. நல்லது! ஆனால் அதே திருத்தத்தில் ஒரு முள் இருக்கிறது. திரைப்படத்தில் சிறிதளவே தலைகாட்டியவரின் பெயர் படத்தின் பெயர்ப்பட்டியலில் எங்கும் இல்லையென்றால், அவர் கலைஞராகவே கருதப்படமாட்டார். தன் நற்பெயருக்குக் கேடாக அந்தக் கலையைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை மட்டும் மிஞ்சும், உரிமைத்தொகை மிஞ்சாது.

அடித்த அடி படத்தில் கேட்கும். அடித்தவன் மட்டும் ஆளே இல்லையாம்!

ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் தப்பும் தவிலும் உறுமியும் தூக்கிச் செல்லும் தோழர்களுக்குச் சொல்கிறோம்: ஒலிப்பதிவுக்கு அழைப்பு வந்தால், அன்றைய கூலி எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். பெயர் எங்கே வரும் என்று கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்; பிறகு கோலைக் கையில் எடுங்கள்.