சிறு தொட்டியிற் சிக்ளிட் மீன் வளர்த்தல்

மீனினங்களுட் பெரும்பாலானவை முட்டைகளை நீரில் விட்டு அகல்வன. பின்னர் அவை என்னாயின என்று திரும்பிப் பார்ப்பதில்லை. இப்பொது வழக்கினின்று விலகி நிற்பது சிக்ளிட் என்னும் குடும்பம். ஆபிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் பல நூறு இனங்களாய்ப் பரந்துள்ள இக்குடும்பத்தில், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இயற்கையாக உரியவை மூன்றே இனங்கள். அவற்றுள் இரண்டு ஈழத்து நீர்நிலைகளில் வாழ்கின்றன. ஒன்று, உணவுக்காகப் பிடிக்கப்படும் பெரிய கொரலியா. மற்றொன்று, சிங்களத்திற் கஹ கொரலியா எனப்படும் சிறிய மஞ்சள் மீன். பின்னதை 1795ஆம் ஆண்டிற் புளொக் என்னும் செர்மானிய அறிஞர் விவரித்தார். நெடுங்காலம் எத்திரோப்பிளசு மக்குலாத்தசு என வழங்கிய அது இப்போது சியூடெத்திரோப்பிளசு மக்குலாத்தசு எனப்படும். நீளம் பெரும்பாலும் 8 சதமமீற்றருக்கு மேற்படாது; ஆதலின் வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது.

குள்ளச் சிக்ளிட் என்றவுடன் மீன் வளர்ப்போர் நினைப்பது தென்னமெரிக்க அப்பிஸ்ரோகிராமாவையும் ராமிரேசியையுமே. அவை அழகியவை என்பதில் ஐயமில்லை. எனினும் நம் நாட்டு மீனொன்று குடும்பம் நடத்தும் முறை அவற்றினும் வியப்புக்குரியது என்பதே என் கருத்து.

தெமோதரையில் இம்மீனை வளர்க்க விரும்புவோர் முதலில் நீரையே ஆராய வேண்டும். கஹ கொரலியா கரையோரக் களப்புகளிலும் தாழ்நிலத்து ஆறுகளிலும் வாழ்வது. சற்றே உவர்ப்பும் நல்ல வெப்பமும் அதற்கு உவப்பானவை. மலைநாட்டு ஓடைகளோ பெரும்பாலும் நெய்சுப் பாறைகளின்மேல் ஓடிவருதலால் மென்னீராக இருப்பன. பதுளை மாவட்டத்திற் பளிங்குச் சுண்ணாம்புக்கல் காணப்படும் இடங்களும் உள. அங்கே ஊற்றுநீர் வன்னீராகலாம். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீருக்குப் பழகியவர் இவ்வேற்றுமையைச் சவர்க்கார நுரையிலேயே கண்டுகொள்வர். மென்னீராயின் தொட்டியிற் சிப்பி ஓடுகள் சிலவற்றை இட்டு, ஐந்து லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்புச் சேர்த்தல் நன்று. அப்பிஸ்ரோகிராமா வளர்ப்போர் இதனைச் செய்யலாகாது. அவற்றுக்கு அம்மென்னீரே உகந்தது. தேயிலை மலைகளின் கீழ் வரும் ஓடைநீரை மழைக்குப் பின் எடுத்தலும் தகாது. தெளித்த மருந்துகள் அதிற் கலந்திருக்கக்கூடும்.

அடுத்தது குளிர். மார்கழி தை மாதங்களில் இங்கு இரவு வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவதுண்டு. மீனுக்கு வேண்டுவது 26 முதல் 28 பாகை வரை. எனவே சிறு மின்வெப்பமாக்கி இன்றியமையாதது. ஒரு சோடிக்கு 60 சதமமீற்றர் நீளமுள்ள தொட்டி போதும். ஆயினும் புதுத்தொட்டியிற் கழிவினின்று பிறக்கும் அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் செல்லும். அதுவரை பொறுத்தலே சிக்கனம்.

ஆணையும் பெண்ணையும் புறத்தோற்றத்தாற் பிரித்தறிதல் கடினம். ஆகவே ஆறு குஞ்சுகளை ஒருங்கே வளர்த்து, தாமே இணைசேரும் சோடியை மட்டும் வைத்துக்கொள்வதே வழக்கம். அச்சோடி கல்லையோ ஓட்டுத்துண்டையோ வாயாற் றுப்புரவாக்கி, அதன்மேல் முட்டைகளை ஒட்டவைக்கும். இரண்டும் மாறிமாறிச் செட்டையால் நீரை வீசிக் காக்கும். ஏறக்குறைய ஐந்து நாளில் முட்டை பொரிக்கும். பொரித்தவற்றைப் பெற்றோர் மணலிற் றோண்டிய குழிகளுக்குக் கொண்டுசெல்லும். மேலும் ஒரு வாரமளவிற் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்.

புதிதாக வளர்ப்போர், பெற்றோர் குஞ்சுகளைத் தின்றுவிடும் என்று அஞ்சி, அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவதுண்டு. இம்மீனைப் பொறுத்தவரை அது பெருந்தவறு. நீந்துங் குஞ்சுகள் தாய் தந்தையரின் உடலை அடிக்கடி உரசிச் செல்வதைக் காணலாம். அது விளையாட்டன்று, பெற்றோரின் தோலிற் சுரக்கும் சளியை அவை கொறித்து உண்கின்றன. வார்டு, பார்லோ என்னும் இருவர் 1967ஆம் ஆண்டில் இந்நடத்தையை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். பாலூட்டும் விலங்கல்லாத ஓருயிர் தன் உடலிலிருந்தே பிள்ளைக்கு உணவளிக்கின்றது! இச்சளி மட்டும் போதாது. பொரித்த ஆட்டீமியாக் குஞ்சுகளையும் நாளுக்கு இருமுறை இடவேண்டும். அவித்த முட்டையின் மஞ்சட்கருவைக் கரைத்து ஊற்றுவோர் உளர். சிறு தொட்டியில் அது நீரை விரைவிற் கெடுத்துவிடும். முதல் ஈற்றுக் குஞ்சுகளை அனுபவமற்ற சோடி தின்றாலும் பொறுத்திருக்கலாம். அடுத்தடுத்த ஈற்றுகளிற் பெற்றோர் தேறுவது பெரும்பான்மை.

ஓர் ஈற்றில் இருநூறு குஞ்சுகள் வரை வரலாம். இவற்றுக்கு இடமெங்கே? பதுளை ஓயாவில் விட்டுவிடுவோம் என்று எண்ணுவது இயல்பே. ஈழத்து மீன்தானே என்ற வாதமும் எழும். ஆயின் தாழ்நிலத்து மீன் மலையோடைக்கு வேற்று மீனே. 1952ஆம் ஆண்டில் உணவுக்கென இந்நாட்டிற்குக் கொணரப்பெற்ற மொசாம்பிக்குத் திலாப்பியாவும் சிக்ளிட் குடும்பத்ததே; அது குளங்களெங்கும் பரவியபின் மீட்டெடுக்க வழியில்லை. தொட்டி நோய்கள் ஓடை மீன்களுக்குத் தொற்றும் அபாயமும் உண்டு. பத்துக் குஞ்சுகளை வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை மீன் வளர்க்கும் நண்பர்க்கோ கடைக்கோ கொடுத்துவிடலாம். கொள்வாரில்லையெனின், அடுத்த ஈற்றில் முட்டை ஒட்டிய கல்லை மறுநாளே வெளியே எடுத்துவிடுதல் ஒன்றே வழி.