எர்த்ஸீ தீவுகளைப் படைத்த அம்மையார்

(இளங்கலை ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு மாணவி)

மந்திரவாதி, டிராகன், மாயக்கோல் என்று பேச்செடுத்தாலே, "அதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்" என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இலக்கியம் பயிலும் எங்கள் வகுப்பும் இதற்கு விலக்கல்ல. ஷேக்ஸ்பியரின் மாக்பெத்தில் சூனியக்காரிகள் வந்தால் அது இலக்கியம். இளைஞர்களுக்கான நாவலில் ஒரு மந்திரவாதி வந்தால் வெறும் பொழுதுபோக்கு! இந்தப் பாகுபாட்டின் நியாயம் எனக்கு இன்றளவும் விளங்கவில்லை. இதைத் தம் வாழ்நாள் முழுவதும் எதிர்த்து வாதாடிய ஓர் எழுத்தாளரைச் சக மாணவ மாணவியருக்கு அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர்தாம் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குயின்.

இவர் 1929ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரில் பிறந்தார். தந்தை ஆல்பிரட் குரோபர் புகழ்பெற்ற மானிடவியல் அறிஞர். தாய் தியோடோராவும் எழுத்தாளரே. இந்தக் குடும்பத்தோடு தொடர்புடைய ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். யாஹி என்னும் பழங்குடியில் எஞ்சியிருந்த கடைசி மனிதர் 1911இல் கலிபோர்னியாவில் காட்டிலிருந்து வெளிப்பட்டார். தம் பெயரைத் தாமே சொல்வது அவர் குல வழக்கில் இல்லை. இன்னொரு யாஹிதான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒருவரும் உயிரோடு இல்லை. ஆகவே, அவர்கள் மொழியில் 'மனிதன்' என்று பொருள்படும் 'இஷி' என்ற சொல்லையே குரோபர் அவருக்குப் பெயராக வைத்தார். உண்மைப் பெயரை யாருக்கும் சொல்லாமலே 1916இல் இஷி காலமானார். அவர் வரலாற்றைத் தியோடோரா எழுதி 1961இல் வெளியிட்டார். இதற்குச் சில ஆண்டுகள் கழித்து அவர் மகள், உண்மைப் பெயரை மறைத்து வாழும் மனிதர்களின் உலகம் ஒன்றைப் படைத்தார். இரண்டுக்கும் உறவுண்டு என்பது என் ஊகம் மட்டுமே; ஆயினும் அதை விட எனக்கு மனமில்லை.

பட்டப்படிப்பை முடித்துப் பிரான்சுக்குக் கப்பலேறிய லெ குயின், அந்தப் பயணத்தில் அறிமுகமான வரலாற்று மாணவர் சார்லஸ் லெ குயினை 1953இல் பாரிசில் மணந்தார். பின்னர் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லந்தில் குடியேறினர். பிள்ளைகள் மூவர். அவர்கள் உறங்கிய பிறகே இரவில் எழுதுவார். முதல் பத்தாண்டுகளில் எழுதிய நாவல்களைப் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. பதினோரு வயதில் அனுப்பிய முதல் கதையே திரும்பி வந்துவிட்டதால், இது அவருக்குப் பழகிய விஷயம்தான்!

பெர்க்லியில் பார்னசஸ் என்ற சிறு பதிப்பகம், சற்று வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு நூல் எழுதித் தருமாறு இவரைக் கேட்டுக்கொண்டது. கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாம் வெண்தாடிக் கிழவர்களாகவே இருக்கிறார்களே, தாடி நரைப்பதற்குமுன் அவர்கள் என்னவாக இருந்தார்கள், வித்தையை எங்கே கற்றார்கள் என்று யோசித்தார். முதலில் ஒரு பெரிய தாளில் தீவுக்கூட்டம் ஒன்றின் வரைபடத்தைத் தீட்டினார். கதை பிறகுதான் வந்தது. 1968இல் வெளியான 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' இவ்வாறு உருவான நூலாகும். மந்திரவாதிகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் என்றதும் ஹாரி பாட்டரை நினைப்போர், அந்தத் தொடரின் முதல் நூல் 1997இல்தான் வெளிவந்தது என்பதையும் நினைவிற் கொள்க.

கான்ட் தீவில் ஆடு மேய்க்கும் சிறுவன் கெட். பிறவியிலேயே ஆற்றல் உள்ளவன். கூடவே கர்வமும் உள்ளவன். ரோக் தீவுப் பள்ளியில் சக மாணவன் ஒருவனோடு வீம்புக்குப் போட்டியிட்டு, இறந்தோர் ஆவியை அழைக்கிறான். திறந்த வழியே பெயரற்ற ஒரு நிழலும் வந்து அவன்மேல் பாய்கிறது. அவனைக் காப்பாற்றிய தலைமை மந்திரவாதி தம் ஆற்றலெல்லாம் தீர்ந்து உயிர் துறக்கிறார். அந்த உலகில் ஒன்றின் உண்மைப் பெயர் தெரிந்தால்தான் அதை ஆள முடியும். பெயரில்லாத நிழலை எப்படி வெல்வது? தீவு தீவாக அவன் ஓடுகிறான், அது துரத்துகிறது. இறுதியில் ஆசானின் சொற்படி திரும்பி நின்று, அவனே அதைத் துரத்துகிறான். கரை கடந்த கடலின் கோடியில் இருவரும் எதிர்ப்படும்போது, அந்த நிழலை அவன் அழைக்கும் பெயர் 'கெட்'. ஆம், அவனுடைய சொந்தப் பெயரே! கொல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை. தன்னுடையதே என்று ஏற்றுக்கொள்கிறான். வாளேந்திய வீரன் அரக்கனை வெட்டிச் சாய்க்கும் முடிவையே படித்துப் பழகிய எனக்கு, இது முற்றிலும் புதியதாக இருந்தது.

ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் வேறோரிடம் வறளக்கூடும் என்னும் சமநிலைக் கருத்தும் நூல் முழுவதும் இழையோடுகிறது. தந்தையின் வீட்டில் இளவயதில் கண்ட சீனத் தத்துவ நூலாகிய தாவோ தே ஜிங்கின் தாக்கம் இது. அந்நூலுக்குத் தம் ஆங்கில வடிவத்தை அம்மையார் 1997இல் வெளியிட்டார்.

இனி, என்னை இந்நூலோடு பிணைத்த செய்திக்கு வருகிறேன். கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுக்காக உயிரையே பணயம் வைக்கும் நண்பன் வெட்ச் கருநிறத்தவன். வெள்ளைத் தோலுடையோர், கதைத் தொடக்கத்தில் தீவைக் கொள்ளையிட வரும் கார்காட் நாட்டவரே. இதை ஆசிரியர் பறைசாற்றவில்லை; கதையோட்டத்தில் போகிற போக்கில் சொல்லிச் செல்கிறார். "நிறம் கொஞ்சம் மட்டுதான்" என்று உறவினர் சொல்லக் கேட்டே வளர்ந்தவள் நான். அந்த வரியை இரண்டு முறை படித்தேன். ஆனால் பல பதிப்புகளின் அட்டையில் கெட்டுக்கு வெள்ளைத் தோலையே பூசினார்கள். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடரிலும் வெள்ளை நடிகரே கெட்டாக நடித்தார். அம்மையார் வாளாவிருக்கவில்லை, அதே ஆண்டில் கண்டித்துக் கட்டுரை எழுதினார்.

பிறரைக் கண்டித்ததைவிட, தம் எழுத்தையே அவர் திருத்திக்கொண்டது பெரிதென்பேன். ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பெண்களின் மந்திரமோ இளக்காரமாகப் பேசப்பட்டது. இரண்டாம் நூலில் (1971) டெனார் என்னும் சிறுமியை, பெற்றோரிடமிருந்து பிரித்து, பெயரையும் பறித்து, இருட்டுக் கல்லறைகளுக்குப் பூசாரிணி ஆக்குகிறார்கள். அவள் பெயரைக் கெட் மீட்டுத் தருகிறான். அங்கேயும் பெண்ணை வெளியே கொண்டுவர ஓர் ஆண் வரவேண்டியிருந்தது. 1972இல் மூன்றாம் நூல் வெளிவந்து மறு ஆண்டு தேசிய நூல் விருதும் பெற்றது. அத்தோடு கதை முடிந்ததென்றே எல்லாரும் எண்ணினர். ஆனால் 18 ஆண்டுகள் கழித்து, 1990இல் 'தெஹானு' வந்தது. இதில் டெனார் நடுவயது விதவை. வயல், ஆடு, அடுப்பு என்று வாழ்பவள். நெருப்பில் சுடப்பட்டு முகம் சிதைந்த ஒரு குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். ஆற்றலை இழந்து திரும்பும் கெட்டோ அவள் வீட்டில் சாதாரண மனிதனாக வாழக் கற்றுக்கொள்கிறான். சாகசத்தை எதிர்பார்த்த வாசகர் சிலருக்கு இது ஏமாற்றம் அளித்தது. எனக்கு ஐந்து நாவல்களில் இதுவே முதலிடம் பெறுகிறது. பாத்திரம் கழுவுவதைக்கூட இத்தனை மதிப்போடு எழுதும் மாயக்கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஐந்தாம் நாவலும் ஒரு சிறுகதைத் தொகுதியும் 2001இல் வெளிவந்தன. அமெரிக்க இலக்கியத்துக்கு ஆற்றிய தொண்டுக்காக 2014இல் தேசிய நூல் அறக்கட்டளை இவருக்குப் பதக்கம் வழங்கியது. நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்ட மாயக்கதை, அறிவியல் கதை எழுத்தாளர்கள் அனைவரோடும் அப்பரிசைப் பகிர்ந்துகொள்வதாக மேடையிலேயே அறிவித்தார். 2018 ஜனவரி 22இல் போர்ட்லந்தில் காலமானார்.

எர்த்ஸீ நூல்கள் அனைத்தையும் ஒன்றாக்கிய பெரும்பதிப்பு அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. ஓவியர் சார்லஸ் வெஸ்ஸோடு அம்மையார் ஆண்டுக்கணக்கில் கலந்து பேசி உருவாக்கிய படங்கள் அதில் உள்ளன. முதல் நூல் வெளியாகி 50 ஆண்டுகள் கழிந்து வந்த அந்தப் பதிப்பில், கெட் பழுப்பு நிறத்திலேயே இருக்கிறான்.