புளூடூத் இணைப்பில் மடிக்கணினி ஸ்தம்பித்து நிற்பது ஏன்?

நமது சங்க அலுவலகத்திற்கு வந்து போகும் அங்கத்தினர்கள் பலர் சில மாதங்களாக ஒரே முறையீட்டைத் தெரிவித்து வருகின்றனர். கைப்பேசியின் இணைய வசதியைப் புளூடூத் வழியாக மடிக்கணினிக்குக் கொடுத்தால் சிறிது நேரம் வேலை செவ்வனே நடக்கிறது. பிறகு கணினி திடீரென்று அசைவற்று நின்றுவிடுகிறது. விசைகளை எவ்வளவு தட்டினாலும் பதில் இல்லை என்பதே அம்முறையீடு. இளைஞர்கள் இதனை 'ஹாங் ஆகிவிட்டது' என்பர். 2011ஆம் ஆண்டு முதற்கொண்டு தமிழ்நாட்டு அரசினர் மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளிற் சில, படிப்பு முடிந்த பின்னும் நெசவாளர் வீடுகளிலும் விவசாயிகள் வீடுகளிலும் கணக்கெழுத உதவி வருகின்றன. புதிய யந்திரம் வாங்க எல்லோருக்கும் வசதி இல்லை. ஆகவே, இருப்பதைச் சீர்செய்து கொள்ளும் வழியைச் சற்று விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இதில் நாமே பட்ட அனுபவம் ஒன்று உண்டு. சென்ற ஆண்டில் ஒரு சனிக்கிழமை மாலை, நெசவுக் கூலிப் பட்டியலை வங்கிக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். 2019ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நெஃப்ட் பணப் பரிமாற்றம் எல்லா நாளும் எல்லா நேரமும் நடைபெறுவதால், சனிக்கிழமை மாலையிலும் கூலி போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில் அங்கத்தினர்கள் வீட்டிற் காத்திருந்தனர். அன்று அலுவலகத்துக் கம்பி இணைப்பு பழுதாகியிருந்தது. குமாஸ்தா தம் கைப்பேசியைப் புளூடூத் மூலம் இணைத்துக்கொண்டு, பட்டியலை ஏற்றி, ஒப்புதல் பொத்தானை அழுத்தினார். அந்தக் கணமே கணினி மரம்போல் நின்றுவிட்டது. கூலி போயிற்றா, போகவில்லையா? அவர் கணினியை அணைத்து எழுப்பி மறுபடியும் அழுத்தப் போன சமயம், அருகிலிருந்த காரியதரிசி தடுத்து, முதலிற் சங்கக் கணக்கின் இருப்பைப் பார்க்கச் சொன்னார். பார்த்தால், தொகை முழுவதும் ஏற்கெனவே கழிந்திருந்தது. மறுமுறை அழுத்தியிருப்பின் ஒரே வாரக் கூலி இருமுறை சென்றிருக்கும். திரும்பப் பெறுவதற்குள் சங்கம் பட்டிருக்கும் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

புளூடூத் என்பது 1998ஆம் ஆண்டில் எரிக்ஸன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் ஒன்றுகூடி வகுத்த குறுந்தூர வானொலி முறை. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற மன்னனின் பட்டப் பெயரே இதற்கு இடப்பட்டது. 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை 79 பாதைகளாகப் பிரித்துக்கொண்டு, வினாடிக்கு 1600 முறை பாதை மாறி மாறித் தாவி, இது செய்தியைக் கொண்டு செல்கிறது. ஒரு பாதையில் இரைச்சல் இருந்தால் அடுத்த தாவலில் வேறு பாதை கிடைக்கும் என்பதே இத்தாவலின் நோக்கம். காதணிக் கருவி, விசைப்பலகை போன்ற சிறு சாதனங்களுக்காகவே இது பெரிதும் உருவாக்கப்பட்டது. ஆதலால் வேகம் குறைவு. வானில் வினாடிக்கு 3 மெகாபிட் என்பது கணக்கு. நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய 2 மெகாபிட்தான். 100 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பு இவ்வழியே வந்து சேர ஏழு நிமிஷம் பிடிக்கும்.

அப்படியாயின் வைஃபை ஹாட்ஸ்பாட்டை விட்டு இதனை நாடுவானேன் என்று கேட்கலாம். காரணம் உண்டு. ஹாட்ஸ்பாட் கைப்பேசியைச் சூடாக்கி மின்கலத்தை விரைவிற் கரைத்துவிடும். புளூடூத் அவ்வளவு மின்சாரம் உண்பதில்லை. கோபுர அலை வீட்டின் உட்பகுதிக்கு எட்டாத ஊர்களில், கைப்பேசியை ஜன்னலோரத்தில் வைத்துவிட்டுத் தறிக்கூடத்தில் அமர்ந்து வேலை செய்யவும் இது உதவுகிறது. மின்வெட்டு மிகுந்த இடங்களில் இந்தச் சிக்கனத்தின் அருமை விளங்கும்.

இனி நோய்க்கு வருவோம். முதலில் அறிய வேண்டுவது, கணினி மெய்யாகவே ஸ்தம்பித்ததா, அல்லது இணையத்திலிருந்து வர வேண்டியது வராமையாற் காத்து நிற்கிறதா என்பதே. நம்மிடம் கொண்டுவரப்பட்ட கணினிகளிற் பல இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. சோதிப்பது எளிது. 'கேப்ஸ் லாக்' விசையை அழுத்திப் பார்க்கவும். அதற்குரிய சிறு விளக்கு எரிந்தும் அணைந்தும் வருமாயின், கணினியின் உயிர்நிலை நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். உலாவி மட்டுமே திகைத்து நிற்கிறது. அப்பொழுது அவசரப்பட்டு மின்பொத்தானை அழுத்துவது தவறு. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் வரும் 'டாஸ்க் மேனேஜர்' மூலம் அந்த ஒன்றை மட்டும் மூடிவிடலாம். விளக்கு மாறாமலும், மூலையிலுள்ள கடிகாரம் நகராமலும், சுட்டி அசையாமலும் இருந்தால் அது முழு ஸ்தம்பிப்பு.

காத்து நிற்கும் வகைக்குப் பெரும்பாலும் காரணம், நாம் அறியாமல் பின்னணியில் இறங்கும் பாரமே. விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை இறக்கத் தொடங்கும். படங்களைச் சேமித்து வைக்கும் சேவை தன் வேலையை ஆரம்பிக்கும். கடைமடைக்குப் போக வேண்டிய தண்ணீரை மேல்மடைக்காரர் திருப்பிக்கொண்டால் கீழே உள்ள வயல் காய்வதுபோல, நாம் திறந்த பக்கம் காய்ந்து நிற்கும். விண்டோஸ் அமைப்புகளில் இந்த இணைப்பை 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று குறித்துவிட்டால், இப்பாரத்தின் பெரும்பகுதி குறையும்.

முழு ஸ்தம்பிப்பின் கதை வேறு. கணினியிலுள்ள ஒவ்வொரு சாதனத்தையும் நடத்துவதற்கு 'டிரைவர்' என்னும் சிறு நிரல் உண்டு. உலாவி போன்ற சாதாரண நிரல்கள் வெளித்திண்ணையில் இருப்பவை என்றால், இது கணினியின் உள்ளறையில் நடமாடும் அதிகாரம் பெற்றது. திண்ணையில் இருப்பவர் மயங்கி விழுந்தால் வீட்டு வேலை நிற்பதில்லை. உள்ளறையில் இருப்பவர் இரும்புப் பெட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வராத கடிதத்திற்குக் காத்திருந்தால், சங்கத்தின் எல்லாக் காரியமும் நின்றுபோகும் அல்லவா? குறையுள்ள புளூடூத் டிரைவர் செய்வது இதுவே. வானொலிச் சில்லிலிருந்து வர வேண்டிய பதில் வாராதபோது, அது பூட்டைத் திறவாமலே காத்திருக்கிறது; மற்றவை அதன்பின் வரிசையாக நிற்கின்றன.

சில்லிலிருந்து பதில் ஏன் வருவதில்லை? நாம் கண்டவற்றுள் முதன்மையானது மின்சிக்கன ஏற்பாடு. மடிக்கணினி மின்கலத்தில் ஓடும்போது, சிறிது நேரம் வேலையில்லாத சாதனத்தை உறங்க வைத்துவிடும். புளூடூத் சில்லு பல கணினிகளில் உள்ளே யு.எஸ்.பி. வழியாகவே இணைக்கப்பட்டிருப்பதால் அதுவும் உறங்கும். நாம் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் ஐந்து நிமிஷமும் இணைப்பில் போக்குவரத்து இராது. 'அனுப்பு' என்று அழுத்தியவுடன் உறங்குபவனை எழுப்ப வேண்டும். எழுவதில் தடுமாற்றம் நேர்ந்தால் அங்கேயே நிற்கும். முக்கியமான பொத்தானை அழுத்தும்போதே இக்கோளாறு நிகழ்வதாக அங்கத்தினர்கள் கூறுவதில் மூடநம்பிக்கை ஒன்றுமில்லை. சாஸ்திரீயமான காரணமே இருக்கிறது.

இதற்குப் பரிகாரம்: 'டிவைஸ் மேனேஜர்' என்னும் பகுதியைத் திறந்து, புளூடூத் என்ற தலைப்பின் கீழுள்ள சாதனத்தின் பண்புகளில் 'பவர் மேனேஜ்மென்ட்' என்ற தாளைப் பார்க்கவும். மின்சாரத்தைச் சேமிக்கச் சாதனத்தை அணைக்கலாம் என்ற வாசகத்தின் எதிரே உள்ள குறியை நீக்கிவிடவும். சில கணினிகளில் இத்தாள் காணப்படாது. அவற்றிற் சார்ஜரைச் செருகி வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் அலை நெருக்கடி. வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அதே வெளியில்தான் உலவுகிறது. பல மடிக்கணினிகளில் வைஃபை, புளூடூத் இரண்டும் ஒரே அட்டையில் அமைந்து, ஒரே அன்டெனாவைப் பகிர்ந்துகொள்கின்றன. நாம் புளூடூத்தில் இணைந்திருக்கும்போதும் வைஃபை சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் என்னென்ன வலைகள் உள்ளன என்று அடிக்கடி துழாவிப் பார்க்கும். புளூடூத்தில் இணையம் பெறும் நேரத்தில் வைஃபையை அணைத்து வைப்பது நன்று. அதே சமயத்தில் புளூடூத் காதணியிற் பாட்டுக் கேட்பதையும் தவிர்க்க வேண்டும். யு.எஸ்.பி. 3.0 வகை வன்வட்டும் அதன் கம்பியும் இதே அலைவரிசையில் இரைச்சலை எழுப்பும் என்று இன்டெல் நிறுவனத்தார் 2012ஆம் ஆண்டிலேயே அறிக்கை வெளியிட்டுள்ளனர். அத்தகைய வன்வட்டைப் புளூடூத் குமிழுக்கு அருகிலுள்ள துளையிற் செருகாதிருப்பது நலம்.

இவ்விரண்டும் பலிக்காவிடில் டிரைவரையே புதுப்பிக்க வேண்டும். கணினியைச் செய்த நிறுவனத்தின் தளத்தில், மாதிரி எண்ணைக் கொடுத்து அதற்குரியதையே இறக்கிக்கொள்ளவும். 'டிரைவர் புதுப்பித்துத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்யும் அறியாத தளங்களை அண்ட வேண்டாம். கோளாறு நீங்காததோடு புதியதொன்றும் சேரும். புதுப்பித்த பின் கைப்பேசியிலும் கணினியிலும் பழைய இணைவை நீக்கிவிட்டு மறுபடியும் இணைக்க வேண்டும். மற்றொன்று: 'ஷட் டவுன்' செய்து மீண்டும் இயக்கினால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று பலர் எண்ணுகின்றனர். விண்டோஸில் விரைவுத் தொடக்கம் என்ற ஏற்பாடு இயங்குமாயின் அது உண்மையன்று. உள்ளறையின் பழைய நிலை தட்டில் எழுதி வைக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும். 'ரீஸ்டார்ட்' என்பதை அழுத்தினால்தான் புதுத் தொடக்கம்.

ஒரே நாளில் நான்கு மாற்றங்களையும் செய்துவிட்டு, எதனாற் குணமாயிற்று என்று தெரியாமல் விழிப்பதில் பயனில்லை. ஒரு மாற்றம் செய்து, ஓரிரு நாள் பார்த்து, தேதியுடன் ஒரு நோட்டிற் குறித்து வைக்கவும். ஸ்தம்பித்த நேரத்தையும் குறிக்கவும். பிறகு 'ஈவென்ட் வியூவர்' என்ற பதிவேட்டில் அந்நேரத்திற்குச் சற்று முன்னுள்ள வரிகளைப் பார்க்கலாம். 'கெர்னல் பவர் 41' என்ற வரியைக் கண்டு பலர் மின்கோளாறு என்று மயங்குகின்றனர். கணினி முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதற்கு முன்பு புளூடூத் சாதனம் செயலிழந்ததாக வரி இருக்கிறதா என்பதே கவனிக்கத்தக்கது.

லினக்ஸ் உபயோகிப்போர், அவர்கள் கணினியில் அனுமதிக்கப்பட்டிருப்பின், ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் விசைகளைப் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்ற எழுத்துகளை இடைவிட்டு ஒவ்வொன்றாக அழுத்தலாம். முதலாவது எழுதாமல் நிற்பவற்றைத் தட்டில் எழுதும். இரண்டாவது தட்டைக் காக்கும். மூன்றாவது மறுதொடக்கம் செய்யும். விண்டோஸில் இத்தகைய வசதி இல்லை. மின்பொத்தானைப் பத்து வினாடிக்கு மேல் அழுத்திப் பிடிப்பது ஒன்றே வழி. சேமிக்காதது போய்விடும். ஆகவே நீண்ட படிவங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதிச் சேமித்துக்கொண்டு, பிறகு தளத்தில் ஒட்டுவதே உசிதம்.

பணம் செலுத்துதல், வரிக் கணக்குத் தாக்கல் போன்றவற்றைப் புளூடூத் இணைப்பிற் செய்வதை நாம் விட்டுவிட்டோம். சரக்கு சேவை வரிக்கு மாதந்தோறும் கணக்குக் கொடுப்போர் அடுத்த மாதம் 20ஆம் நாளுக்குள் கொடுக்க வேண்டும். கடைசி மாலையில் கணினி நின்றுபோய், வரியுள்ள கணக்கு தாமதமானால், நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறும். கைப்பேசியைச் சாதாரண யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் அமைப்புகளில் யு.எஸ்.பி. டெதரிங் என்பதை இயக்கினால், அலை நெருக்கடியும் இல்லை, புளூடூத்தின் வேக வரம்பும் இல்லை. கைப்பேசியும் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும். மின்னூட்டத்திற்கு மட்டும் பயன்படும் மலிவுக் கம்பிகள் இதற்கு உதவா. செய்தியையும் கடத்தும் கம்பியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை நின்றுபோன கணினி மின்சிக்கனக் குறியை நீக்கிய பின் இதுவரை புளூடூத்தில் நிற்கவில்லை. எனினும் கூலிப் பட்டியல் ஏற்றும் நாளில் மேஜை இழுப்பிலுள்ள கம்பியைத்தான் குமாஸ்தா எடுக்கிறார். பொத்தானை அழுத்துமுன் கணக்கின் இருப்பை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்கிறார்.